ஒரே பலகையும் ஒரே பந்தியும்: செங்கை மண்ணில் கத்தோலிக்கப் பள்ளிகளின் பணி



ஓர் ஊரில் இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகள் தொடர்ந்து நடைபெறுகிறது என்றால், அவ்வூரில் படிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது என்பது பொருள். எழுதுவோர்க்கும் கேட்போர்க்கும் முன்னரே, அவர்களுக்கு யாரோ ஒருவர் அகரம் கற்பித்திருக்கிறார். செங்கழுநீர்ப்பட்டு என்னும் பழம்பெயர் மருவிச் செங்கல்பட்டு ஆயிற்று என்பர். இந்நகரிலும், இதன் கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரைச் சிற்றூர்களிலும் அகரம் கற்பித்தவர்களின் வரிசையில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஓர் இடமுண்டு. அவ்விடம் எத்தகையது, இன்று அது எந்நிலையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

மக்கள் வழக்கில் இப்பள்ளிகளுக்குச் 'சாமியார் பள்ளிக்கூடம்' என்றும், பெண்களுக்கான பள்ளியாயின் 'மடத்துப் பள்ளிக்கூடம்' என்றும் பெயர். நகரில் உள்ள புனித சூசையப்பர் மேனிலைப்பள்ளியும் புனித மரியன்னை மகளிர் மேனிலைப்பள்ளியும் இவ்வழக்கிற்கு உரியவை. நகரின் மற்றொரு பழைய கிறித்தவப் பள்ளியாகிய தூய கொலம்பா பள்ளி ஸ்காட்லாந்துச் சீர்திருத்தச் சபையாரின் வழிவந்தது. ஆகவே கல்வித் தொண்டு எனும்போது இம்மண்ணில் இரு சபையாருக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே கூறிவிடுதல் முறை.

ஊரும் சேரியும்

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம்; ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் வேளாண்மையின் மாவட்டம். அந்த வேளாண்மையைத் தம் தோள்களில் தாங்கியவர்கள் சேரிகளில் வாழ்ந்த உழைப்பாளர்கள். அவர்களுக்கு நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. 1891-ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் அம்மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான குறிப்பொன்றை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த அரசாணையே பின்னர் 'பஞ்சமி நிலம்' என்று அறியப்பட்ட நில ஒதுக்கீட்டிற்கு அடிப்படையாயிற்று. செங்கல்பட்டில் பணியாற்றிய ஆதாம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்களும் நிலத்திற்காகக் குரல் கொடுத்தனர். அடுத்த ஆண்டாகிய 1893-இல் பஞ்சம மாணவர் பயிலும் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவித்தொகை அளிக்கும் ஆணை வெளிவந்தது. நிலமும் எழுத்தும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தமை கருதத்தக்கது. பட்டாவைப் படிக்கத் தெரியாதவனிடம் பட்டா நிலைத்திருப்பதில்லை.

1854-ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி தரும் முறையை வகுத்தது. மறைப்பணியாளர் பள்ளிகள் சிற்றூர்களில் பெருகியதற்கு இது பெருந்துணையாயிற்று. அப்பள்ளிகளின் தொடக்கம் எளியது. பகலில் பள்ளியாகவும் ஞாயிறன்று கோயிலாகவும் விளங்கிய ஓலைக் கொட்டகைகள் பல. அங்கே வகுப்பு நடத்தியவர் பெரும்பாலும் உபதேசியார். செபம் சொல்லிக் கொடுத்த அவரே அரிச்சுவடியும் கற்பித்தார். மக்களுக்கு மனு எழுதினார். வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னார். திருச்சபை வரலாற்று நூல்களில் ஆயர்களின் பெயர்களும் குருக்களின் பெயர்களும் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயர்கள் அரிதாகவே இருக்கின்றன. ஆயினும் சேரியில் பிறந்த முதல் எழுத்தறிவுத் தலைமுறையின் ஆசான் அவரே.

நிலத்தின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர். மற்றவர் பெயர் இந்துப் பெயர். நிலம் கேட்டபோது அப்பெயர்களுக்கிடையே வேறுபாடு இருக்கவில்லை. 1892-இல் எழுதப்பட்ட ஆணை ஒரு நூற்றாண்டு கடந்தும் நிறைவேறாமற் கிடந்ததை, அந்த ஆணையைப் படித்தறிந்த பிள்ளைகளாலேயே கேட்க முடிந்தது. எழுத்தறிவு என்பது எத்தகைய ஆற்றல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடலோரம்

சேரியில் எழுத்தின் தேவையை நிலம் உணர்த்தியது போலக் கடலோரத்தில் கடல் உணர்த்தியது. கோவளத்தில் கார்மேல் அன்னையின் கோயில் இருக்கிறது. சென்னை வணிகர் ஜான் டிமான்டி 1808-இல் எழுப்பியது அது. தம் செல்வத்தை அறப்பணிகளுக்கெனத் திருச்சபைக்கு எழுதிவைத்த அவர் பெயர் சென்னையில் ஒரு குடியிருப்பின் பெயராக இன்றும் வழங்குகிறது. கோவளத்து மீனவருள் கத்தோலிக்கர் உண்டு. ஆனால் அங்கிருந்து தெற்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லச் செல்ல மீனவக் குப்பங்களில் பெரும்பாலோர் இந்துக்களே. எனவே இக்கடலோரத்தில் கத்தோலிக்கப் பள்ளியின் வகுப்பறை எப்போதுமே கலப்பானது. கார்மேல் அன்னை திருவிழாவிற்குக் கொடியேறும்போது பார்க்க வரும் பிள்ளையும், அம்மன் கோயில் கூழ்வார்ப்பில் நிற்கும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

மீனவர் பிள்ளைக்குக் கல்வி தருவதில் தனி இடர்ப்பாடு உண்டு. பள்ளிக்குக் காலை மணி. கடலுக்கு விடியலுக்கு முந்திய மணி. வலை கரைசேரும் நேரத்தில் பிள்ளையின் கை அங்கே தேவைப்படும். மீன்பாடு உள்ள காலத்தில் வகுப்பில் இடங்கள் காலியாகும். பாடு இல்லாத காலத்தில் கட்டணம் கட்டக் காசு இராது. இதை அறிந்து, வராத பிள்ளையின் வீட்டுக்கே சென்று அழைத்து வந்த ஆசிரியர்களால்தான் அப்பள்ளிகள் நிலைபெற்றன.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கிய அன்று, கரையோரத்துக் கோயில்களும் பள்ளிகளும் வீடிழந்தோர்க்குத் தங்குமிடங்களாயின. வகுப்பறையில் உலை கொதித்தது. எவர் என்ன சமயத்தினர் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. பேரிடர் வந்த நாளில் தானாக நிகழ்ந்த இந்தக் கூட்டு வாழ்வை, இடரில்லாத நாளில் முயன்று நிகழ்த்துவதே பள்ளியின் பணி.

எது சமூக வாழ்வு?

கத்தோலிக்கப் பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி ஆக்குவது எது? வாயிலில் நிற்கும் சுரூபமா? காலை வழிபாட்டில் ஒலிக்கும் செபமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை இதற்கு விடை கூறுகிறது. விடுதலை உணர்வும் அன்பும் நிறைந்த ஒரு சமூகச் சூழலைப் பள்ளியில் உண்டாக்குவதே கத்தோலிக்கப் பள்ளியின் சிறப்பு என்பது அதன் கருத்து. உரோமையின் கல்விப் பேராயம் 1977-இல் வெளியிட்ட ஏடு மேலும் ஒரு படி சென்றது. திருச்சபையின் கல்வித் தொண்டு முதன்மையாக ஏழைகளுக்கு உரியது. வசதி படைத்தோரையே பெரிதும் நாடிச் செல்லும் பள்ளி அவர்களுடைய மேல்நிலையை நிலைநிறுத்தவே உதவும் என்று அது எச்சரித்தது.

தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்படி கிறித்தவர் 6.12 விழுக்காட்டினர். ஆகவே இங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளில் பயில்வோர் பெரும்பாலும் பிற சமயத்துப் பிள்ளைகள். அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, அரசு உதவிபெறும் பள்ளியில் இசைவின்றி எவரையும் சமயக் கல்விக்கு உட்படுத்தலாகாது என்கிறது. அதற்கேற்பக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கும் மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கும் செல்கின்றனர். வாரத்தில் அந்தச் சிறு பொழுது மட்டுமே அவர்கள் பிரிந்து அமர்கிறார்கள். எஞ்சிய நேரமெல்லாம் சேர்ந்தே இருக்கிறார்கள். எனவே பள்ளியின் உண்மையான மறையுரை அந்த எஞ்சிய நேரத்தில்தான் நிகழ்கிறது. யார் பக்கத்தில் யார் அமர்கிறார், யாருடைய தண்ணீர்க் குவளையை யார் எடுக்கிறார், யாருடைய பெயரை ஆசிரியர் அன்போடு அழைக்கிறார் என்பனவே அம்மறையுரையின் வரிகள்.

இது சிறிய செய்தி என்று எண்ணுதல் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் உடன் பயின்றவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வகுப்பில் மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், பிள்ளைகள் எவ்வாறு அமர வேண்டும் என்பதை நீதியரசர் ஒருவர் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

அமர்வதைப் போன்றதே உண்பதும். காமராசர் 1956-இல் தொடங்கிய பகலுணவும், ம.கோ. இராமச்சந்திரன் 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் பசியை ஆற்றியதோடு ஒரே பந்தியையும் தந்தன. அப்பந்தி எளிதில் அமையவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைப்பதை எதிர்த்து 2018-இல் கூடத் திருப்பூர் மாவட்டத்து ஊரொன்றில் கிளர்ச்சி நடந்தது.

2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 3,995 பள்ளிகளில் 2,23,536 பிள்ளைகள் அதனால் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது. அவ்விரிவாக்கத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த இடம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. கீழச்சேரி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பினும், 1997-க்கு முன் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த தொன்மையான கத்தோலிக்க ஊர். 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அத்திட்டம் சென்றபோதும், தொடக்க விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்தது. இரு முறையும் கத்தோலிக்கப் பள்ளியே இடமாக அமைந்தது. பசியோடு வரும் பிள்ளைகள் இன்னும் எங்கே படிக்கிறார்கள் என்பதை அது காட்டிற்று.

உள்ளிருக்கும் முள்

போற்றுதல் மட்டும் போதுமாயின் இவ்வுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை முழுமையாகச் சொல்லப்படுதல் வேண்டும். தமிழகத் திருச்சபைக்குள்ளேயே சாதி வாழ்ந்தது. ஒரே கோயிலில் தனித்தனி இடங்களும், ஒரே ஊரில் தனித்தனிக் கல்லறைகளும் இருந்தன. பலகையைப் பொதுவாக்கிய அதே சபை பாடையைப் பொதுவாக்கத் தயங்கியது.

இம்முரணை இலக்கியத்தில் பதிவு செய்தவர் பாமா. 1992-இல் வெளிவந்த அவருடைய 'கருக்கு' தமிழ்த் தலித் இலக்கியத்தின் திருப்புமுனைகளுள் ஒன்று. ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேட்கையோடு துறவற மடத்தில் சேர்ந்த ஒரு பெண், அம்மடத்துப் பள்ளி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே பணிபுரிவதைக் கண்டு வெளியேறிய வரலாறு அந்நூல். அவர் பிறந்தது தென்மாவட்டத்தில் எனினும், பின்னர் ஆசிரியையாகப் பணியாற்றியது உத்திரமேரூர்ப் பகுதியில். இந்தத் தொண்டை மண்ணிலேதான். அந்நூலை வெறும் குற்றச்சாட்டாகப் படிப்பவர் அதன் பாதியையே படித்தவர் ஆவார். எழுதப் படிக்கக் கற்ற பெண், தனக்குக் கற்பித்த நிறுவனத்தையே எழுத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். கல்வி தந்த நிறுவனம் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டுச் சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று அறிவித்தது. தாமதமாக வந்தது எனினும் வரவேற்கத்தக்கது.

சட்டமும் தன் பங்கிற்கு ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்கான உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகள் சேர்க்கப்பெறவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் அவ்வுரிமையை அவர்களுக்கும் வழங்குமாறு மத்திய அரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஊரில் தலித் எனத் தள்ளிவைக்கப்பட்டு, ஏட்டில் தலித் அல்லர் என விலக்கப்படும் பிள்ளைக்குப் பள்ளியைத் தவிர வேறு படிக்கட்டு எது?

இன்றைய இடுக்கண்

அந்தப் படிக்கட்டே இப்போது ஆட்டம் காண்கிறது. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு நிதியுதவி இல்லை என்பது தமிழக அரசின் கொள்கையாயிற்று. அதன் விளைவு இரு திசைகளில் சென்றது. பழைய தமிழ்வழி உதவிபெறும் பள்ளிகள் இருந்த அளவிலேயே நின்றன. புதிதாகத் தோன்றிய பள்ளிகள் கட்டணத்தை நம்பி, ஆங்கில வழியை நம்பி வளர்ந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் கணிப்பொறி நிறுவனங்கள் நிறைந்து, நிலத்தின் விலை ஏறியபோது, கட்டணம் கட்டக்கூடிய புதிய குடும்பங்கள் இப்பகுதியில் குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளும் நல்ல பள்ளிக்கு உரியவர்களே. ஆனால் ஒரே வளாகத்தில் ஒருபுறம் கட்டணப் பள்ளியும் மறுபுறம் உதவிபெறும் பள்ளியும் அமைந்து, இருவகைச் சீருடையோடு இருவகைப் பிள்ளைகள் ஒரே வாயிலில் நுழைவார்களாயின், ஒரே பலகை என்னும் கொள்கை அங்கே முறிகிறது. சாதியால் பிரிந்திருந்ததை இணைத்த பள்ளி, காசால் பிரிப்பதற்குக் கருவியாகலாமா?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கக் கூறியது. 2014-இல் உச்சநீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அத்தீர்ப்பின் சரிமை குறித்து ஐயம் எழுப்பிப் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. வழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தந்தது தம் சமூகத்தையும் தம் கொள்கையையும் காத்துக்கொள்வதற்காக. ஏழைக்கு முதலிடம் என்பதையே கொள்கையாகக் கொண்ட ஒரு சபை, ஏழைக்கு இடம் தருவதிலிருந்து விலக்குப் பெற அவ்வுரிமையைப் பயன்படுத்துமாயின், அது தன் வேரைத் தானே வெட்டுவதாகும். சட்டம் கேட்காத இடத்தில் மனச்சான்று கேட்கும்.

அரசும் தன் கணக்கைச் சரிபார்த்தல் வேண்டும். 2020-இல் மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கப்பட்டன. நல்ல சட்டம். ஆனால் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவி அதில் இல்லை. அவளும் அதே சத்துணவை உண்டவள். அதே பாடநூலைப் படித்தவள். அவளுடைய ஆசிரியருக்கும் அரசே ஊதியம் தருகிறது. புதுமைப்பெண் திட்டத்தின் மாத உதவித்தொகை 2022-இல் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கெனத் தொடங்கி, 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றவர்க்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு கதவைத் திறந்த அரசு மற்றக் கதவையும் திறக்க இயலும். அதுவரை, ஏழைப் பெற்றோர் உதவிபெறும் பள்ளியை விட்டு விலகுவதைக் குறை கூறுதல் நேர்மையாகாது.

செய்யத்தக்கவை

2002-ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, சூசையப்பர் பேராலயத்தைத் தலைமைக் கோயிலாகக் கொண்டு செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. திருச்சபையும் அரசும் தத்தம் எல்லைகளை இவ்வூரை நடுவாக வைத்து வரைந்துள்ள இக்காலம், பழைய கடமைகளை மீண்டும் எண்ணிப்பார்க்க ஏற்ற காலம்.

செய்யத்தக்கவை மூன்று. கட்டணப் பள்ளியின் வருவாயில் ஒரு பங்கு அருகிலுள்ள உதவிபெறும் பள்ளியின் ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் செல்லுதல் வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தினாலும் இல்லாவிடினும், ஏழைப் பிள்ளைகளுக்கெனக் கட்டணப் பள்ளிகளில் இடம் ஒதுக்கி, அப்பிள்ளை எவர் என்று வகுப்பில் வெளிப்படாவண்ணம் காத்தல் வேண்டும். மூன்றாவது, தமிழ்வழி வகுப்பை மூடுவதற்கு முன், அவ்வகுப்பில் இதுகாறும் இருந்த பிள்ளைகள் எங்கே செல்வர் என்பதை மேலாண்மைக் குழு எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். எழுத்தில் வைத்தால் மனச்சான்று விழித்துக்கொள்ளும்.

இம்மூன்றனுள் ஒன்றில் இலக்கிய வட்டங்களுக்கும் பங்குண்டு. உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியின் நூலகமே நாளைய தமிழ் வாசகன் பிறக்கும் இடம். பத்தாண்டு விழாக் கொண்டாடும் ஓர் அமைப்பு, மாதம் ஒரு நாள் அப்பள்ளிகளுள் ஒன்றில் கூடிப் பிள்ளைகளோடு நூல் படிக்குமாயின், இருபதாம் ஆண்டு விழாவில் அமர்வதற்கு ஆட்கள் இருப்பார்கள்.

உபதேசியார் ஓலைக் கொட்டகையில் அரிச்சுவடியைத் திறந்தபோது, எதிரில் இருந்த பிள்ளையின் தந்தை எவ்வளவு கட்டுவார் என்று கேட்டிருக்கமாட்டார். கேட்டிருந்தால் அந்தப் பள்ளியே தோன்றியிராது. அவர் கேளாது விட்ட அக்கேள்வியை இன்றைய பள்ளியும் கேளாது விடுமாயின், 'சாமியார் பள்ளிக்கூடம்' என்று மக்கள் அன்போடு வழங்கிய பெயருக்கு அது உரியதாகவே நிலைத்திருக்கும்.